சுவரில் ஒட்டிய இரண்டு தாள்கள்

தியாகு,

இது உனக்கு வரும் முதல் கடிதம். உன்னைப் பற்றி எழுதிய காகிதங்கள் நம் அலுமாரியின் கீழ்த்தட்டில் ஒரு பை நிறையக் கிடக்கின்றன. கிளினிக் கொப்பிகள், காது டொக்டர் எழுதிய துண்டுகள், பள்ளிக்கூடத்தில் இப்படியான பிள்ளையைச் சேர்க்க இடமில்லை என்று வந்த பதில், பிரதேச செயலகத்துக்கு நான் நிரப்பிக் கொடுத்த படிவங்களின் பிரதிகள். முப்பத்தொரு வருடமாகப் பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் உன்னைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். உனக்கென்று ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. பெற்றவள் நானும் எழுதவில்லை. வருகிற திங்கட்கிழமை நீ உன் நண்பர்கள் இருக்கும் குண்டசாலை வீட்டுக்குக் குடிபோகிறாய். வத்தேகமவில் எத்தனையோ தாய்மார் பிள்ளைகளைக் கட்டாருக்கும் குவைத்துக்கும் அனுப்பியிருக்கிறார்கள். அவர்களோடு பார்த்தால் என் மகன் போகும் இடம் பஸ்ஸில் ஏறி ஒரு தூக்கம் போடுவதற்குள் வந்துவிடும். இருந்தாலும் போவது போவதுதான். அதனால் நானும் எழுதுகிறேன்.

இதை நிலையத்தில் உன்னைப் பார்த்துக்கொள்ளும் யாழினி மிஸ் உனக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வாசித்துக் காட்டுவார். சலிப்பாக இருந்தால் கையைத் தூக்கு, அவர் நிறுத்திவிடுவார். அம்மா பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள் என்பது உனக்குத் தெரியும், எழுதினாலும் அப்படித்தான். நிலையத்துக்கு வரும் மற்ற அம்மாமாருக்கும் இதைக் காட்டலாமா என்று மிஸ் என்னிடம் கேட்டார். கடிதம் அவனுடையது, அவனிடம் கேளுங்கள் என்றேன். நீ நாடியைத் தடவிக்கொண்டு யோசித்துவிட்டு, "என் படம் போட்டா சரி" என்றாயாம். ஆக, இதை வாசிக்கிறவர்கள் மேலே இருக்கும் படத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீலச் சட்டை, பக்க வகிடு, பவுடர் கொஞ்சம் கூடிப்போன முகம். அதுதான் என் மகன்.

முதலில் என்னைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நீ பிறப்பதற்கு முன்பிருந்தே நான் மடுல்கெல்லத் தோட்டத்தில் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்தவள். காலையில் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை எங்களிடம் விட்டுவிட்டு மலைக்கு ஏறுவார்கள். நாற்பது பிள்ளைகள், பார்க்க இரண்டு பேர். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று சொல்வார்கள். என் காம்பராவில் அழ வேண்டிய அவசியமே இல்லை என்று நான் பெருமையடித்துக்கொள்வேன். ஒரு பிள்ளை உதட்டைப் பிதுக்குவதற்கு முன்னாலேயே அதற்குப் பசியா, தூக்கமா, ஈரமா என்று எனக்குத் தெரிந்துவிடும். தோட்டத்து டொக்டர் ஐயாவே வந்து பார்த்துவிட்டு, "ஒங்க காம்பராவுல சத்தமே இல்லையே" என்று சொல்லியிருக்கிறார். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை நான் வீட்டுக்கும் கொண்டுவந்தேன். ஓய்வு பெற்று, தோட்டத்து லயத்து வீட்டை விட்டு வத்தேகமவுக்கு வந்த பிறகு நாற்பது பிள்ளைகளின் வேலையும் உன் ஒருவன் தலையில் விழுந்தது. நீ வாயைத் திறப்பதற்குள் சோறு, நீ எழும்புவதற்குள் சட்டை, நீ யோசிப்பதற்குள் பதில். உனக்கு மீசை வந்து, அதில் ஒரு நரையும் வந்துவிட்டது. நான் இன்னும் பிள்ளைக்காம்பராவைப் பூட்டவில்லை.

உன்னைப் போன்றவர்களுக்கான குண்டசாலைப் பகல் நிலையத்துக்கு நீ போகத் தொடங்கி ஆறு வருடம் ஆகிறது. காகிதப் பை ஒட்டுவாய், மத்தியானம் சாப்பிடுவாய், ஒரு பாட்டு, பிறகு பஸ். எல்லோருக்கும் ஒரே வேலை, ஒரே நேரம். போன வருடம் யாழினி மிஸ் வந்ததும் அதையெல்லாம் மாற்றப் போவதாகச் சொன்னார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் திட்டம் போட வேண்டுமாம், அதற்கு முதலில் ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டுமாம். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, படித்துவிட்டு வந்த சூட்டில் பேசுகிறது, மழைக்காலம் வந்தால் தானே அடங்கிவிடும் என்று நான் நினைத்தேன். உன்னிடம் கேட்பதற்கு என்ன இருக்கிறது? கேட்க வேண்டியதெல்லாம் என்னிடம் இருக்கிறதே. நான் அலுமாரிப் பையைத் தூக்கிக்கொண்டுதான் முதல் கூட்டத்துக்கு வந்தேன்.

சுவரில் இரண்டு பெரிய தாள்கள் ஒட்டியிருந்தன. ஒன்றில் 'எனக்கு எது பெரிது' என்று எழுதியிருந்தது. மற்றதில் 'என்னை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும்' என்று இருந்தது. இரண்டாவது தாளை நான் பத்து நிமிடத்தில் நிரப்பிவிட்டேன். தைரொயிட் குளிசை வெறும் வயிற்றில், இடது காதில் தண்ணீர் போகக்கூடாது, மிளகாய் ஆகாது, படி இறங்கும்போது கைப்பிடி வேண்டும். மிஸ் எழுதிக் களைத்துப் போனார். பிறகு முதல் தாளைக் காட்டினார். உனக்கு எந்தக் குளிசை எத்தனை மில்லிகிராம் என்று தெரிந்த எனக்கு, உனக்கு எந்த நாள் நல்ல நாள் என்று தெரியவில்லை. அப்போதும் நான் விடவில்லை. "கோயிலுக்குப் போறதுன்னா ரொம்பப் பிடிக்கும் மிஸ்" என்று எனக்குப் பிடித்ததைச் சொல்லி வைத்தேன்.

மிஸ் உன் பக்கம் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, "தியாகு, காலமையில என்ன குடிக்க உங்களுக்கு விருப்பம்?" என்று கேட்டார்.

"அவனுக்குப் பால் தேத்தண்ணி மிஸ். சீனி கூட போடணும்."

"அம்மா, கொஞ்சம் பொறுங்கோ. அவர் சொல்லட்டும்."

அவர் என்றதும் யாரைச் சொல்கிறார் என்று நான் திரும்பிப் பார்த்தேன். உன்னைத்தான். உன்னை அவர் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நீயும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாய்.

"அவன் சொல்ல மாட்டான் மிஸ், வெக்கப்படுவான்."

"நான் ஒண்டு கேட்ட உடன நீங்கள் மனசுக்குள்ள இருபது மட்டும் எண்ணுங்கோ. இருபதுக்குப் பிறகும் அவர் கதைக்கேல்லை எண்டா, நீங்கள் சொல்லுங்கோ. சரியோ?"

எண்ணத் தெரியாதா எனக்கு? எண்ணினேன். ஐந்து வரும்போதே நாக்கு அரித்தது. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளைக்காக மூன்றுக்கு மேல் எண்ணியவள் இல்லை நான். பத்து, பதினொன்று. உன் உதடு அசைந்தது. பதினான்கில், "பிளேன்டீ" என்றாய், பால் விடாத வெறும் தேத்தண்ணி. கொஞ்சம் விட்டு, "இஞ்சி போட்டு" என்றும் சொன்னாய். நான் தினமும் கொடுத்த பால் தேத்தண்ணியில் பாதியை நீ கோப்பையிலேயே விட்டுவிடுவாய். அது உன் கெட்ட பழக்கம் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். பதில் உன் வாயில் இத்தனை வருடம் வரிசையில் நின்றிருக்கிறது, நான் குறுக்கே நின்றிருக்கிறேன். அன்றைக்கு இன்னொன்றும் தெரிந்தது. உனக்கு நான் முடி வெட்டுவது பிடிக்காதாம், சலூனுக்குப் போக வேண்டுமாம். அதைச் சொல்லும்போது மட்டும் நீ நாலு எண்ணுவதற்குள் சொல்லிவிட்டாய்.

பிறகு மிஸ் தாளில் ஒரு வட்டம் போட்டு, உன் பெயரை நடுவில் எழுதி, "உங்கட ஆக்கள் ஆர் ஆர், தியாகு?" என்று கேட்டார். அம்மா என்றாய். நிமல் என்றாய். உன்னோடு பை ஒட்டும் நிமல் அப்போதே அந்த வீட்டுக்குக் குடிபோயிருந்தான், சாயங்காலமானால் "யமு மச்சான்", போவோம் வா என்று உன்னையும் சேர்த்து இழுப்பான். பக்கத்து வீட்டுக் குசுமா அக்கா என்றாய். அதன் பிறகு, "அப்பா" என்றாய்.

"அவங்க கொழும்புல..." என்று தொடங்கி, மிஸ்ஸுக்குக் கண்ணைக் காட்டினேன். அவர் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் நானும் எண்ணத் தொடங்கினேன். பதினாறு வரும்போது நீ சொன்னாய், "அப்பா செத்துட்டாங்க."

இந்த இடத்தில் நான் என் தப்பைச் சொல்லியாக வேண்டும், தியாகு. உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் என் வாயால் நீ கேட்டதில்லை. உன் அப்பா தோட்டத்து ஃபெக்டரியின் லொறி ஓட்டியவர். தேயிலையை ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போனால் இரண்டு நாளில் வருவார், வரும்போது உனக்குச் சீனி தூவிய கிம்புலா பனிஸ் வாங்கி வருவார். நாம் வத்தேகமவுக்கு வந்த பிறகும் அவர் அந்த வேலையை விடவில்லை. அவருக்கு நெஞ்சுவலி வந்து கண்டி ஆஸ்பத்திரியில் இறந்துபோனபோது உனக்கு இருபத்திரண்டு வயது. உடலை வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு முன்னால் உன்னைக் குசுமா அக்காவோடு கண்டிக்கு அனுப்பிவிட்டேன். வாவியைச் சுற்றிக் காட்டுங்கள், ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுங்கள், சாயங்காலம் வரை கொண்டுவர வேண்டாம் என்றேன். குசுமா அக்கா வேண்டாம் என்றுதான் சொன்னார், நான் கேட்கவில்லை. அவனுக்கு இதெல்லாம் விளங்காது, பயந்துவிடுவான், கூட்டத்தில் ஏதாவது செய்துவிட்டால் நாலு பேர் சிரிப்பார்கள் என்றேன். கடைசியாகச் சொன்னதுதான் உண்மையான காரணம் என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன். மடுல்கெல்லவில் அப்பாவின் சொந்தங்கள் இருக்கும் தோட்டத்து மயானத்தில் அடக்கம் நடந்தது. மகன் தூக்க வேண்டிய குடத்தை என் அண்ணன் மகன் முருகேசு தூக்கினான். மகன் போட வேண்டிய முதல் பிடி மண்ணையும் அவன்தான் போட்டான்.

நீ வந்து அப்பா எங்கே என்று கேட்டாய். கொழும்புக்குப் போயிருக்கிறார் என்றேன். அடுத்த சனிக்கிழமை, "லொறி வந்துச்சா?" என்று கேட்டாய். இந்த முறை வேலை கூட என்றேன். மூன்று சனிக்கிழமை கேட்டாய், நாலாவது சனிக்கிழமையிலிருந்து கேட்கவில்லை. மறந்துவிட்டான், நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். கேட்டவர்களிடம் எல்லாம், "அவனுக்கு அதெல்லாம் மனசுல நிக்காது" என்று சொன்னேன். நீ பக்கத்தில் இருக்கும்போதே சொன்னேன்.

"எப்ப தொடக்கம் உங்களுக்குத் தெரியும்?" என்று மிஸ் மெதுவாகக் கேட்டார்.

"அன்னைக்கே. ரோட்டுல சாவு வீட்டு வெள்ளக் கொடி இருந்துச்சு. கதிரை நெறைய அடுக்கி வச்சிருந்தாங்க."

"அம்மாட்ட கேக்கேல்லையோ?"

நீ என்னைப் பார்த்தாய், பிறகு மேசையைப் பார்த்தாய். "அம்மா அழும்" என்றாய்.

நான் அன்றைக்கு எப்படி பஸ் ஏறினேன் என்று எனக்கு நினைவில்லை. நீதான் என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாய். எனக்கு வெட்கமாக இருந்தது, தியாகு. ஒன்பது வருடம் உன்னைத் துக்கம் தீண்டாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று நான் மார்தட்டிக்கொண்டிருந்தேன். நீ அத்தனை நாளும் அந்தத் துக்கத்தைத் தனியாகச் சுமந்துகொண்டு, எனக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டாய். மூன்று சனிக்கிழமை நீ கேட்டது, நானாகச் சொல்வேனா என்று பார்க்கத்தானோ என்னவோ. நீ என் பிள்ளை, அழுத்தக்காரன், அப்படியும் இருக்கும். அப்பாவை நினைத்து நீ எங்கே அழுதாய், எப்போது அழுதாய் என்று எனக்குத் தெரியாது.

அடுத்த கூட்டத்தில் உன் முதல் தாள் நிரம்பத் தொடங்கியது. நீ சொன்ன வார்த்தையை மாற்றாமல் மிஸ் அப்படியே எழுதினார். 'அப்பாகிட்ட போகணும்.' 'நிமல் வீட்டுல இருக்கணும்.' 'சலூன்.' 'பிளேன்டீ.' இரண்டாவதைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதற்கு முன்னால் முதலாவதைச் செய்ய வேண்டும் என்று மிஸ் சொன்னார். எழுதிவிட்டுச் செய்யாமல் விட்டால் அது சுவருக்கு அலங்காரம் மட்டும்தான் என்றார். சரியாகச் சொன்னார் என்று மனதில் பட்டது, வெளியில் சொல்லிக்கொள்ளவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் இருவரும் பன்வில வழியாகப் போகும் பஸ்ஸில் மடுல்கெல்லவுக்குப் போனோம். வத்தேகமவில் நீ பேக்கரிக்குள் நுழைந்து ஒரு கிம்புலா பனிஸ் வாங்கி வந்தாய். "பஸ்ஸுல திங்காத, வயித்தப் பொரட்டும்" என்று வழி முழுக்க உன்னை ஏசினேன். நீ பனிஸைப் பிரிக்கவே இல்லை. முருகேசு லயத்து வாசலில் காத்திருந்தான். தேயிலைக்கு நடுவே இருக்கும் அந்தச் சறுக்குப் பாதையில் நீ கைப்பிடி கேட்கவில்லை, நான்தான் உன் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். அப்பாவின் இடத்தில் கல் எதுவும் இல்லை, சுற்றிவரச் சீமெந்துக் கரையும் தலைமாட்டில் ஒரு குரோட்டன் செடியும் இருக்கின்றன. நீ பனிஸை எடுத்து அங்கே வைத்தாய். பிறகு முருகேசுவைத் திரும்பிப் பார்த்தாய்.

"நீயா கொடம் தூக்குன?"

"ஆமா தியாகு."

"நான் மகன்."

முருகேசு வாயாடி, எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பான். அன்றைக்கு அவன் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாப்பா. நீதான் மகன். மன்னிச்சுக்க" என்றான். மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நான். அவன் என் சொல்லைத்தான் கேட்டான். கற்பூரத்தை உன் கையில் கொடுத்தோம், நீயே கொளுத்தினாய். பிறகு குந்தியிருந்து, "அப்பா, நான் நிமல் வீட்டுக்குப் போகப் போறேன்" என்று சொன்னாய். என்னிடம் நேராகக் கேட்காத அனுமதியை அவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டாய். நான் ஓரமாக நின்று அழுதேன், நீ பார்த்துக்கொண்டிருந்தாய். இறங்கி வரும் வழியில், "அழுதா என்ன, சரியாயிரும்" என்றாய். பிள்ளைக்காம்பராவில் நான் சொல்லும் அதே குரலில் சொன்னாய்.

இப்போது வீட்டைப் பற்றி. நாலு ஆண்பிள்ளைகள், வீட்டைப் பார்த்துக்கொள்ள மாத்தயா என்று நீங்கள் கூப்பிடும் ஒரு ஆள், வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஞாயிற்றுக்கிழமை திரும்புவது என்று உன் தாளில் இருக்கிறது. நான் மூன்று முறை போய்ப் பார்த்துவிட்டேன், குளியலறைத் தரையைக்கூடத் தேய்த்துப் பார்த்துவிட்டேன். உனக்கு நான் சொல்ல வேண்டிய புத்தி ஒன்றே ஒன்று, அது இத்தனை நாள் சொன்னதற்கு நேர்மாறானது. நல்ல பிள்ளை, சொன்னபடி கேட்பான், ஒரு நாளும் மாட்டேன் என்று சொல்ல மாட்டான் என்று உனக்கு நான்தான் பெயர் வாங்கிக் கொடுத்தேன். அந்தப் பெயரை இங்கேயே விட்டுவிட்டுப் போ. பிடிக்கவில்லை என்றால் மாட்டேன் என்று சொல். யாராவது உன் உடம்பில் கை வைத்தால், உன் பொருளை எடுத்தால், அம்மாவிடம் சொல்லாதே என்று சொன்னால், சத்தம் போடு. மாத்தயா சொன்னாலும் சரி, யாழினி மிஸ் சொன்னாலும் சரி, நான் சொன்னாலும் சரி, எல்லாவற்றுக்கும் தலையாட்டாதே. போன மாதம் நான் பொங்கல் வைத்தபோது, "வேணாம், கடைப் பாண் போதும்" என்றாயே, அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது உண்மைதான். ஆனால் உள்ளுக்குள் ஒரு பாரம் இறங்கியது. இந்தப் பையன் பிழைத்துக்கொள்வான் என்று தோன்றியது. மற்றபடி குளிசையை நீயே எடு. நிமலின் சீப்பை எடுக்காதே. பவுடரைக் கொஞ்சம் குறை.

இன்னொரு தப்பும் இருக்கிறது. இதைச் சொல்வதா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன், உன்னிடம் இனி மறைப்பதில்லை என்று தீர்மானித்துவிட்டதால் சொல்கிறேன். கண்டிக்குப் போகும்போதெல்லாம் பிள்ளையார் கோயிலில் நான் கண்ணை மூடிக்கொண்டு நீண்ட நேரம் நிற்பேன் அல்லவா? நீ என் சேலையைப் பிடித்து இழுப்பாய். அப்போது நான் வேண்டியது, எனக்கு ஒரு நாள் முன்னால் உன்னை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று. நான் இல்லாத உலகத்தில் நீ ஒரு நாள்கூட இருக்கக்கூடாது என்று நினைத்தேன். உன்னைப் போல் பிள்ளை பெற்ற பல தாய்மார் இப்படி வேண்டுகிறார்கள், வெளியில் சொல்வதில்லை. பாசத்தினால்தான் வேண்டினேன், ஆனால் அது உன் உயிர், என் வசதிக்கு முடிந்துபோக வேண்டியதல்ல. மடுல்கெல்லவுக்குப் போய்வந்த பிறகு அந்த வேண்டுதலைத் திருப்பி எடுத்துக்கொண்டேன். பிள்ளையாரிடம் அதையும் சொல்லிவிட்டேன்.

எனக்கும் வயது போகிறது. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, ஒரு நெஞ்சுக் குளிசை இரண்டாகி, இரண்டு மூன்றாகியிருக்கிறது. போன மாதம் நிலையத்து வாசலில் யாழினி மிஸ் என்னைத் தனியாக நிறுத்தி, "அம்மா, திட்டத்தில கடைசியா ஒரு தலைப்பு இருக்கு. நீங்கள் இல்லாத காலம். அதை அவருக்கு முன்னால கதைக்கலாமோ?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஒரு வாரம் கழித்து நானே போய், சரி, அவனுக்கு முன்னாலேயே கேளுங்கள் என்றேன். குடத்தையும் மண்ணையும் உன்னிடமிருந்து பறித்தவள், இன்னொரு முறை பறிக்காமல் இருக்க வேண்டும். உயிரோடு இருக்கும்போது நான் செய்ய வேண்டிய கடைசி வேலை அதுதான் என்று பட்டது.

"தியாகு, அம்மா ஒரு நாள் இல்லாமப் போவா. அப்ப நாங்கள் என்ன செய்யவேணும்?" என்று மிஸ் கேட்டார். நான் எண்ணத் தொடங்கினேன். இருபது தாண்டியது. என் முறை வந்துவிட்டது, நான் பேசவில்லை. மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன்.

"என்கிட்ட சொல்லணும்" என்றாய். கொஞ்சம் விட்டு, "மொதல்ல" என்றாய்.

"சொல்லுறம். பிறகு?"

"கொடம் நான் தூக்குவேன்."

"பாரமாயிருக்குமெல்லோ?"

"நிமல் பக்கத்துல நிக்கட்டும்."

மிஸ் அதைத் தாளில் எழுதினார். கீழே நீ உன் பெயரை எழுதினாய், நான் கையெழுத்துப் போட்டேன். அதில் ஒரு பிரதியைக் குசுமா அக்காவிடமும் ஒன்றை முருகேசுவிடமும் கொடுத்திருக்கிறேன். எந்த நேரமானாலும் செய்தி முதலில் உனக்குத்தான் வரும். நீ வந்து சேரும்வரை யாரும் எதையும் தொடங்க மாட்டார்கள். முருகேசு தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறான்.

அன்றைக்கு வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் நீ ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாய். மெணிக்ஹின்ன தாண்டியதும் என் பக்கம் திரும்பி, "அம்மா, நீ எப்ப சாவ?" என்று கேட்டாய். முன் சீட்டில் இருந்த மனிதர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"தெரியாதுடா" என்றேன்.

நீ யோசித்தாய். "திங்கக்கெழம வேணாம். வீடு மாறணும்."

சரி என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம், அந்த மனிதர் நமக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்.

ஆகவே திங்கட்கிழமை நான் உயிரோடுதான் இருப்பேன். உன் பெட்டியை நீ தூக்கு, தலையணையை நான் கொண்டுவருகிறேன். அந்த வீட்டு வாசலில் உன்னை விட்டுவிட்டு நான் திரும்பும்போது எனக்கு அழுகை வரும். முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டேன், சேலையால் மூடிக்கொள்ளவும் மாட்டேன். நீ பார்க்கும்படியே அழுவேன், தியாகு. உனக்கும் வந்தால் நீயும் அழு. அதன் பிறகு நீ உள்ளே போ.

உன் அம்மா